காதடியில் வலியில்லாத கட்டி

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. இடது காது மடலுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. இரண்டு வருடமாக இருக்கிறது, வலியே இல்லை. ஊசி குத்திப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். குத்தினால் புற்று பரவிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

பதில்: தாராளமாகக் குத்தலாம். எஃப்.என்.ஏ.சி. என்கிற அந்த மெல்லிய ஊசிப் பரிசோதனையால் புற்று பரவுவது மிக மிக அபூர்வம். கூடாதது வேறு: கட்டியைக் கீறி ஒரு துண்டை வெட்டி எடுப்பது. செல்கள் சிந்தக்கூடும், காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளேயே ஓடும், முகத்தை அசைக்கும் முகநரம்பிலும் கத்தி படலாம்.

காதடியில் இருப்பது பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பி. அதில் வரும் கட்டிகள் 10-ல் 8 புற்று அல்ல. தாடைக்கு அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் வருவதில் ஏறக்குறைய பாதி புற்று. நாக்கடியில் அதைவிட அதிகம். ஆனால் வலியில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள், புற்றும் பெரும்பாலும் வலிக்காமல்தான் தொடங்கும். அப்பாவைக் கண்ணாடி முன் நிறுத்தி, நெற்றியைச் சுருக்கி, கண்ணை இறுக மூடி, பல் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் பின்தங்கினாலோ, கட்டி திடீரென வளர்ந்தாலோ, அசையாமல் இறுகினாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். சாதாரணக் கட்டி என்று ரிப்போர்ட் வந்தாலும் பெரும்பாலும் எடுத்துவிடவே சொல்வார்கள். சில வகைகள் பல வருடம் கிடந்து புற்றாக மாறும்.

கேள்வி: அம்மாவுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்தது. கதிர்வீச்சுக்கு முன் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்வது ஏன்?

பதில்: கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறையும். பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகலாம். எடுக்க வேண்டிய சொத்தைப் பல்லை இப்போதே எடுத்து, ஈறு ஆற இரண்டு வாரமாவது விடுங்கள்.

வாய் வறளும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் உப்பு, சமையல் சோடா தலா ஒரு டீஸ்பூன் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கட்டும். விழுங்கக் கூடாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும்.

ஆபரேஷனுக்குப் பின் ஒரு கண் சரியாக மூடவில்லை என்றால் பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் கண் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுங்கள். விட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். சாப்பிடும்போது கன்னம் சிவந்து வியர்த்தால் பயம் வேண்டாம். சுரப்பியின் நரம்பு நுனிகள் வழிமாறி வியர்வைச் சுரப்பியோடு இணைந்துவிட்டன, அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் ‘அடினாய்டு சிஸ்டிக்’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த வகை நரம்பு வழியே ஊர்ந்து, 10 வருடம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். ஐந்து வருடத்தோடு செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள்.