தாத்தா சொன்னதை விக்கிப்பீடியாவில் எழுதலாமா?

(விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, தக்கலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: உதயகிரிக் கோட்டையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று கட்டுரையில் சேர்த்தேன். என் தாத்தா சொன்னது. கொஞ்ச நேரத்திலேயே யாரோ நீக்கிவிட்டார். ஊர்க்காரி எனக்குத் தெரியாததா அவருக்குத் தெரியும்?
– கல்லூரி மாணவி, புலியூர்க்குறிச்சி

பதில்: கோபம் வரத்தான் செய்யும் மக்களே. ஆனால் தாத்தா பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. படிக்கிறவர் சரிபார்க்க வழியில்லாத வரியை எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். கட்டுரையின் மேலே 'வரலாறு' என்று இருப்பதைத் தட்டுங்கள். நீக்கியவர் யார், எப்போது நீக்கினார் என்று தெரியும். பெரும்பாலும் காரணமும் இருக்கும். இல்லையென்றால் அந்தக் கட்டுரைக்கென்றே இருக்கும் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். அதே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டு மல்லுக்கு நின்றால் உங்கள் கணக்கைத் தடை செய்துவிடுவார்கள். மூத்த பயனர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: காரணம் ஒரு வரி எழுதாமல் அழித்தால், புதிதாக வந்த பிள்ளை அந்தப் பக்கமே மறுபடி எட்டிப் பார்க்காது.

நாட்டார் கதைகளைத் தொகுத்த ஆய்வாளர் யாராவது அந்தச் சுரங்கக் கதையை அச்சில் பதிந்திருந்தால், 'இப்படி ஒரு கதை வழங்குவதாக இன்னார் குறிப்பிடுகிறார்' என்று தாராளமாக எழுதலாம். சுரங்கமே இருந்தது என்று எழுதக் கூடாது.

அதைவிட நல்ல வேலை உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய் 1777இல் இறந்தார். அவர் கல்லறை கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில்தான் உள்ளது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து உண்டு. வெளிச்சம் சாய்வாக விழும் நேரமாகப் பார்த்து, எழுத்து தெரியும்படி படம் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் பொதுவகத்தில் (Wikimedia Commons) ஏற்றுங்கள். ஊர்க்காரி என்பது அங்கேதான் பலன் தரும்.

கேள்வி: பழைய நூல் ஒன்றில் 'கொல்லம் 916 ஆடி' என்று இருக்கிறது. இந்தக் கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க 825 கூட்டினால் போதுமா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், குழித்துறை

பதில்: ஆடிக்குப் போதும், 1741 சரியாக வந்துவிடும். ஆவணிக்கு அதையே கூட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். கொல்லம் ஆண்டு பிறப்பதே ஆவணியில்தான். 18ஆம் நூற்றாண்டு ஆவணம் என்றால் ஆவணி முதல் கார்த்திகை வரை 824 கூட்டுங்கள். தை முதல் ஆடி வரை 825. மார்கழிக்குத் தேதியையும் பார்க்க வேண்டும். மாதமே இல்லையா? '1740–41' என்று போட்டுவிடுங்கள். நம் பக்கத்துக் கோயில் கட்டுரைகளில் ஓராண்டு முன்னே பின்னே இருந்தால் முதலில் இந்தக் கணக்கைத்தான் சந்தேகப்படுவேன்.

இன்னொன்று. குளச்சல் போர் சில நூல்களில் ஜூலை 31, சிலவற்றில் ஆகஸ்ட் 10. அப்போது ஐரோப்பாவிலேயே பழைய (ஜூலியன்) நாட்காட்டியும் புதியதும் (கிரிகோரியன்) சேர்ந்து ஓடின. இங்கிலாந்து மாறியது 1752இல்தான். தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை. இரண்டு தேதியையும் எழுதி, எது எந்த நூலில் என்று அடிக்குறிப்பு போடுங்கள்.

கேள்வி: என் மாணவர்களை ஆளுக்கொரு ஊர் பற்றிப் புதுக் கட்டுரை எழுதச் சொல்லட்டுமா?
– ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: வேண்டாம் டீச்சர். இருக்கிற கட்டுரைகளிலேயே 'மேற்கோள் தேவை' என்று எத்தனையோ வரிகள் நிற்கின்றன. ஆளுக்கு ஒரு வரி கொடுத்து நூலகத்துக்கு அனுப்புங்கள். நூல், பதிப்பு ஆண்டு, பக்க எண் மூன்றும் வந்தால் மதிப்பெண். நாகமய்யா 1906இல் எழுதிய திருவாங்கூர் கையேட்டை (Travancore State Manual) எடுத்தால் ஒரு எச்சரிக்கை: சாதிகளைப் பற்றி அதில் உள்ளதை அப்படியே உண்மை என்று ஏற்றாமல், 'நாகமய்யா இப்படி எழுதுகிறார்' என்று மட்டும் சொல்லி, பிற்கால ஆய்வையும் பக்கத்தில் வையுங்கள். அப்புறம், செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டுவது காப்புரிமை மீறல். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை 'ஆசியாவிலேயே பெரியது' என்று எழுதலாமா?
– வாசகர், திருவட்டாறு

பதில்: ஆசியா முழுக்க அளந்தவர் யார் என்று காட்ட முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் 115 அடி உயரம், சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம் என்று ஆதாரத்தோடு கொடுத்தால் போதும்.