நிக்கினி போயாவைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கிறோம். அப்பா பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிள்ளைகளுக்கு ஜூலை, ஓகஸ்ட் இரண்டு மாதமும் விடுமுறை. அதில் மூன்று வாரம் இலங்கை மலையகத்தில் இருக்க நினைக்கிறோம். மகன் (14) மிருதங்கம் படிக்கிறான், மகள் (17) ஓவியம் வரைகிறாள். ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் கோடைக்காலக் கண்காட்சி, இசை விழா என்று நிகழ்ச்சிநிரலைக் கையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். நம் மலையகத்தில் அப்படி என்ன இருக்கிறது? எந்த வாரத்தில் வந்தால் நல்லது? அப்பா அடிக்கடி சொல்லும் காமன் கூத்தையும் பார்க்க ஆசை. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

பதில்: டிக்கெட் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. என்னிடம் வழி கேட்கிறவர்களில் பெரும்பாலோர் விமானச்சீட்டை எடுத்த பிறகுதான் கேட்பார்கள். அப்புறம் நான் சொல்ல என்ன இருக்கிறது?

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். காமன் கூத்து ஓகஸ்டில் கிடையாது. அது மாசி மாதத்துக் கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியை ஒட்டித்தான் காமனை எரிப்பார்கள். பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச்சில் வரும். ரதி, மன்மதன் வேடம் கட்டுகிற பையன்கள் விரதம் இருப்பார்கள். தப்பு என்கிற பறை இரவு முழுக்க முழங்கும். காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவார்கள். இதை யாராவது ஓகஸ்டில் "உங்களுக்காக ஏற்பாடு செய்து தருகிறேன்" என்றால், நீங்கள் பார்க்கப்போவது வேடம் மட்டும்தான். மாசியில் இன்னொரு முறை வாருங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் தேரும் அப்போதுதான். ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீதிக்கு வரும்.

மாசியிலும் தேதியை நம்பிவிடக் கூடாது. ஒரு முறை நண்பர்கள் நால்வரை அழைத்துக்கொண்டு ஒரு தோட்டத்துக்குக் காமன் கூத்துப் பார்க்கப் போனேன். லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், முந்தின நாள் ஒரு சாவு. கூத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம். தோட்டத்துக் கலைக்கு நிகழ்ச்சிநிரல் அச்சடிக்க முடியாது என்பது அன்றைக்கு எனக்கு நன்றாக உறைத்தது.

சரி, உங்கள் இரண்டு மாதத்துக்கு வருவோம். இந்தக் காலத்தில் மலைநாட்டின் பெரிய விழா கண்டி எசல பெரஹரா, தலதா மாளிகை என்னும் புத்தரின் தந்தக் கோயிலின் ஊர்வலம். அதுதான் உங்கள் பயணத்தின் அச்சு. அது ஆங்கிலத் தேதியில் நிற்பதில்லை, பிறையோடு நகரும். நிக்கினி போயா என்னும் பௌர்ணமி எந்த நாளில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். 2024இல் அது ஓகஸ்ட் 19, 2025இல் ஓகஸ்ட் 8. அந்தப் போயா இரவுதான் கடைசி ரந்தோலி, அதாவது பெரிய ஊர்வலம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஐந்து இரவு ரந்தோலி, அதற்கு முந்தின ஐந்து இரவு கும்பல் பெரஹரா என்னும் சிறிய ஊர்வலம். போயாவுக்கு மறுநாள் விடியற்காலை கெட்டம்பேயில் ஆற்று நீரை வாளால் வெட்டும் சடங்கு, பிற்பகலில் பகல் பெரஹரா. இவ்வளவுதான் கணக்கு. போயாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாகக் கண்டிக்கு வந்து சேரும்படி டிக்கெட் எடுங்கள். போயா ஓகஸ்ட் கடைசியில் விழுகிற ஆண்டென்றால் பள்ளி திறக்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது பதுளையை முதலில் முடித்துவிட்டுக் கண்டியைக் கடைசியில் வைக்கலாம்.

எல்லோரும் கடைசி இரவுக்கே அடித்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது வேறு. முதலில் ஒரு கும்பல் இரவைப் பாருங்கள். ஊர்வலம் சிறியது, ஆடம்பரம் குறைவு, கூட்டமும் குறைவு. மேளக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் போவார்கள். மிருதங்கம் படிக்கிற பிள்ளைக்கு அந்த இரவுதான் பாடம். கண்டிய நடனத்தின் முதன்மை மேளம் கெட்ட பெரய. இடுப்பில் கட்டி இரண்டு கையாலும் அடிப்பார்கள், இரண்டு முகத்துக்கும் வேறு வேறு தோல். வலந்தலை, தொப்பி என்று உங்கள் மகன் படித்தது அங்கே வேறு குரலில் கேட்கும். தவுல, தம்மட்டம, உடெக்கிய என்று மற்ற மேளங்களின் பெயரைக் கேட்டாலே நம் தவிலும் தமுக்கும் உடுக்கையும் நினைவுக்கு வரும். அதற்கு முன்னாலேயே, வந்த அன்றோ மறுநாளோ, கண்டி வாவிப் பக்கத்தில் மாலை ஐந்து மணியளவில் நடக்கும் ஒரு மணிநேர நடனக் காட்சிக்குப் போய்வாருங்கள். சுற்றுலாக்காரர்களுக்கானதுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த மேளத்துக்கு எந்தப் பெயர், எந்த ஆட்டத்துக்கு எந்த உடை என்று அங்கே தெரிந்துகொண்டு பெரஹராவுக்குப் போனால் கண் அலைபாயாது.

அப்புறம் ரந்தோலியில் மூன்றாவது அல்லது நான்காவது இரவு. வீதியோரத்தில் உட்கார்ந்து பார்க்கக் காசு வேண்டாம், ஆனால் மத்தியானமே போய் இடம் பிடித்து மாலை முழுக்க அசையாமல் இருக்க வேண்டும். மாலையில் பாதைகளை மூடிவிடுவார்கள், ஓட்டோவும் கிடைக்காது. பிள்ளைகளோடு வருகிற உங்களுக்குக் கடை வாசலிலோ மாடியிலோ நாற்காலி வாங்குவதே நல்லது. போயா நெருங்க நெருங்க அதன் விலை ஏறும். தொலைபேசியில் பேசிப் பணம் அனுப்பிவிடாதீர்கள். எனக்கு அப்படி ஒருவர் விற்ற "முன்வரிசை" நாற்காலி ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது! பகலில் நேரே போய், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பெரஹராவை முழுக்கச் சிங்கள பௌத்த விழா என்று நினைத்து நம்மவர்கள் பலர் தலதா மாளிகையின் பேழை போனதும் எழுந்து போய்விடுகிறார்கள். அதற்குப் பின்னால்தான் தேவாலயம் என்று அங்கே சொல்லும் நான்கு தெய்வக் கோயில்களின் ஊர்வலம் வரும்: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. கதிர்காமத் தேவாலயத்தின் வரிசையில் காவடி ஆடுவார்கள். பத்தினித் தெய்யோ நம் கண்ணகிதான். மதுரை நாயக்கர் வழி வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் புத்தரின் தந்தம் இந்த ஊர்வலத்தில் சேர்ந்தது. அதற்கு முன் இது தெய்வங்களின் விழாவாகவே இருந்தது. ஆகவே கடைசி யானை போகும்வரை இருங்கள்.

இனி ஓவியம் வரைகிற மகளுக்கு. மண்டபத்தில் சட்டம் போட்டு மாட்டிய கண்காட்சிகளை மலைநாட்டில் தேடி அலைய வேண்டாம். அவை பெரும்பாலும் கொழும்பில், அதுவும் ஆண்டின் தொடக்கத்தில். கொழும்பின் திறந்தவெளி ஓவியச் சந்தையான கலா பொலவும் அப்படித்தான். கண்டியில் இருக்கும்போது பிரெஞ்சுப் பண்பாட்டு நிலையமான அலியான்ஸ் பிரான்சேயில் ஏதாவது நடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அது போதும். உண்மையான கூடம் விகாரைச் சுவர்கள். கண்டிக்கு அருகே மகாவலியைத் தாண்டிப் போனால் தெகல்தொருவ குகை விகாரை. 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். சிவப்புப் பின்னணியில் ஜாதகக் கதைகளை நீள நீளமான பட்டைகளாக வரைந்திருக்கிறார்கள். ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருவார், கதை நகர்ந்துகொண்டே இருக்கும். நிழலும் இல்லை, தூரமும் இல்லை. ஆனால் ஒரு மரம், ஒரு மலர்க்கொத்து கூட வெறுமனே நிற்கவில்லை, ஒரு காட்சியை அடுத்ததிலிருந்து பிரிக்கிற வேலையைச் செய்கிறது. மகளிடம் குறிப்பேட்டைக் கொடுத்து இரண்டு மணிநேரம் விட்டுவிடுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதும் கூடாது.

இன்னொரு முழு நாளை பிலிமத்தலாவைப் பக்கம் உள்ள மூன்று கோயில்களுக்கு ஒதுக்குங்கள். கண்டியிலிருந்து ஒரு ஓட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். கடலாதெனிய 1344இல் எழுந்த கல் விகாரை. கட்டிய தலைமைச் சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராச்சாரி. தூணையும் படியையும் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றுக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். அதே காலத்து லங்காதிலக ஒரு பெரும்பாறை மேல் நிற்கிறது. அந்தப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். பலர் விகாரையைப் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமலே இறங்கிவிடுவார்கள், கேட்டுப் போய்ப் பாருங்கள். மூன்றாவது எம்பக்க. கதிர்காமத் தெய்யோவின் தேவாலயம், அதாவது நம் முருகன். மேள மண்டபத்து மரத்தூண்களில் மல்யுத்தக்காரர், கழுத்தைப் பின்னிக்கொண்ட அன்னங்கள், இருதலைப் பறவை, ஆடும் பெண்கள் என்று ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு செதுக்கு. தலையைத் தூக்கிக் கூரையையும் பாருங்கள். 26 வரிச்சுகள் ஒரே ஒரு மர ஆப்பில் வந்து சேர்கின்றன. எனக்கு மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் எம்பக்கவுக்குத்தான் போவேன்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "கோடை" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் நனைந்துகொண்டே இருக்கும், கூடவே மூடுபனியும் அட்டையும். அதே மாதங்களில் மலையைத் தாண்டிய ஊவாப் பக்கம், அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, காய்ந்து கிடக்கும். உங்கள் அப்பாவின் ஊர் அந்தப் பக்கம் இருப்பது நல்லதாயிற்று. ஆகவே நுவரெலியாவில் இரண்டு இரவுக்கு மேல் போடாதீர்கள், மீதி நாளையெல்லாம் ஊவாவுக்குக் கொடுங்கள். நுவரெலியாவின் "சீசன்" என்று சொல்கிறார்களே, மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், பாண்டு வாத்தியம், அதெல்லாம் ஏப்ரலில். அந்த மாதம் அறை வாடகை பல மடங்கு. நீங்கள் இழப்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

கண்டியிலிருந்து பதுளைக்குப் போக ரயில்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மண் சரிந்து மலைப்பாதை பல இடங்களில் சிதைந்தது. நீங்கள் வரும் வாரத்தில் ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஆசனம் பதியுங்கள். பஸ்ஸில் போனாலும் மழை நாளென்றால் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

போகிற வழியில் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2007இல் திறந்தது. பழைய லயக் காம்பராவையே அருங்காட்சியகமாக்கி, நம் மக்கள் புழங்கிய பொருட்களை வைத்திருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம் பெரியது, 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடம், இயந்திரங்கள் அருமை. அங்கே தேயிலையின் கதை கிடைக்கும், கொழுந்து பறித்தவர்களின் கதை ஓல்ட் பீகொக்கில். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஓல்ட் பீகொக்குக்கே போங்கள். போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள், திறப்பு வைத்திருக்கிறவர் அங்கே இருக்க வேண்டும்.

தோட்டங்களில் அந்தக் காலத்தில் ஏதாவது விழா நடக்குமா? நடக்கலாம். ஆடி மாதம் என்பதால் அம்மன் கோயில் திருவிழா ஏதாவது ஒரு தோட்டத்தில் இருக்கும். கரகம், காவடி, சில இடங்களில் தீமிதிப்பு. எங்கே, எப்போது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, பதுளையிலோ பண்டாரவளையிலோ இறங்கிச் சைவக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டால் தெரிந்துவிடும். போனால் நேரே கமராவைத் தூக்காதீர்கள். கோயில் தலைவரைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி, அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். சாப்பிடச் சொல்வார்கள், மறுக்க வேண்டாம்.

மகன் தப்பைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவான். தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. தப்படிக்கிற அண்ணன்மார் பலர் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என்று பிரித்து வைத்திருப்பவர்கள். "ஏதாவது அடித்துக் காட்டுங்கள்" என்றால் அவருக்கு மனம் வராது. சாமிக்கு அடிக்கிற அடியைச் சொல்லித் தரமுடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். முடிந்ததும் கையில் நோட்டைத் திணிக்காமல் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள். தப்பை நெருப்பில் காய்ச்சிச் சுதி ஏற்றும்போது பக்கத்திலேயே நிற்கட்டும்.

கடைசியாக, புறப்படும் முன் அப்பாவிடம் உட்கார்ந்து ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் பிறந்த தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும், நம் சனங்கள் கூப்பிட்ட தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். அந்தத் தமிழ்ப் பெயரும், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதும், கங்காணி யார் என்பதும் வேண்டும். வரைபடத்தில் அது இருக்காது. பதுளை பஸ் நிலையத்தில் வயதான ஒரு கொண்டக்டரிடம் சொல்லுங்கள், எந்த பஸ், எந்த முடக்கில் இறங்குவது என்று அவர் சொல்லிவிடுவார்.