மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு விலங்குகளை வைத்துச் சிரிப்புப் படக்கதை எழுதுவது எப்படி?

சிங்கமும் நரியும் இல்லாமல், நீதி சொல்லாமல், நான்கு வயதுக் குழந்தை வாய்விட்டுச் சிரிக்கும்படி ஒரு விலங்குப் படக்கதையை எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அதிலும் நீங்கள் எங்களைப் போலக் காவிரிப் பாசனப் பகுதியில் வசிப்பவர் என்றால், பாத்திரங்களைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வயல் வரப்பிலேயே அவை காத்திருக்கின்றன. திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அங்கே நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: விலங்குக்குத் தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் மாட்டிவிடுவதால் வரும் சிரிப்பு ஒரு பக்கத்தோடு முடிந்துவிடுகிறது, அந்த விலங்கின் உண்மையான பழக்கத்திலிருந்து பிறக்கும் சிரிப்போ, புத்தகத்தை மூடிய பிறகும் வயலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மறுபடி வருகிறது.

மடையான் என்னும் குளத்துக் கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் ஓரத்தில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போது அது சேற்றின் நிறத்திலேயே இருப்பதால், மண்ணாங்கட்டி என்று நினைத்து அருகில் போய்விடுவோம். பறக்கத் தொடங்கிய கணத்தில் வெள்ளைச் சிறகுகள் விரிந்து, இதுவா அது என்று திகைக்க வைக்கும். வலப்பக்கத்தில் ஒரு தவளை அந்த மண்ணாங்கட்டியின் மேல் சாய்ந்து இளைப்பாறட்டும். தாளைத் திருப்பினால் இரண்டு பக்கங்களையும் நிறைத்து வெள்ளைச் சிறகு விரியட்டும். சொல் ஒன்றுகூட வேண்டாம். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம் என்பதால், எதிர்பார்ப்பு எப்போதும் வலப்பக்கத்தின் அடியில் முடிய வேண்டும். வியப்பு, தாளைத் திருப்பியதும் வர வேண்டும். இந்த ஒரு முறையைப் பிடித்துக்கொண்டாலே பாதிக் கதை எழுதியாகிவிட்டது.

நண்டு இதைவிட வளமான பாத்திரம். அதன் கால்மூட்டுகள் பக்கவாட்டில் மடங்குவதால் அது பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நடக்கிறது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, கல்லணை வழியாக வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து, நண்டு மாமாவின் வளைக்குள் புகுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாமா எதிர் வரப்பில் இருக்கும் பாட்டி வீட்டுக்குக் கிளம்புகிறார். ‘நண்டு மாமா நேரே பாட்டி வீட்டுக்குப் போனார்’ என்று எழுத்து சொல்கிறது. படத்தில் அவர் வைக்கோல் போருக்குள் இருக்கிறார். ‘மறுபடியும் நேரே போனார்’ என்கிறது எழுத்து. படத்தில் தூங்கும் ஆமையின் முதுகில் நிற்கிறார். எழுத்து எவ்வளவு நிதானமாகவும் நம்பிக்கையோடும் ‘நேரே’ என்கிறதோ, அவ்வளவுக்குப் பிள்ளைகள் ‘இல்லை, இல்லை, அங்கே இல்லை’ என்று கூச்சலிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு, வாசித்துக் காட்டும் பெரியவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டது என்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் மாமா சலித்துப்போய், ‘சரி, பக்கவாட்டில்தான் போய்ப் பார்ப்போமே’ என்கிறார். தாளைத் திருப்பினால் பாட்டி வீட்டு வாசல். எழுத்தும் படமும் முதன்முறையாக ஒத்துப்போகும் அந்தப் பக்கத்தில் கதையை நிறுத்திவிடுங்கள். ‘இதனால் அறிவது’ என்று ஒரு வரியைச் சேர்த்தால், அதுவரை சிரித்த குழந்தை பாடம் கேட்கும் குழந்தையாகிவிடும்.

பஞ்சதந்திரத்திலும் கொக்கும் நண்டும் வருகின்றனவே என்று நீங்கள் நினைக்கலாம். அதில் கொக்கு மீன்களை ஏமாற்றித் தூக்கிச் சென்று தின்கிறது. நண்டு அதன் கழுத்தை நெரிக்கிறது. அரசகுமாரர்களுக்கு உலகியல் அறிவு புகட்டுவதாக அமைந்த நூல் அது. அதன் கூர்மை எனக்கும் பிடிக்கும். ஆயினும் அங்கே கொக்கும் நண்டும் மனிதச் சூழ்ச்சிக்கு வேடம் போட்டுக்கொண்டவை. நான்கு வயதுக்கு வேடம் இல்லாத கொக்கே போதும். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியைப் பாடிய ஓரம்போகியார் நண்டுக்குக் களவன் பத்து, எருமைக்கு எருமைப் பத்து என்று தனித்தனியே பத்துப் பத்துப் பாடல்களை ஒதுக்கினார். வயல்வெளி உயிர்களை அவ்வளவு கூர்ந்து பார்த்த மரபு நம்முடையது.

ஓவியரிடம் போவதற்கு முன் ஒருமுறை தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போய்வாருங்கள். இரண்டாம் இராசராசன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கோயிலில், யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் உண்டு. ஓர் உடலைக் கையால் மறைத்தால் யானை தெரியும். மற்றதை மறைத்தால் காளை தெரியும். குழந்தைகள் அதன்முன் கையை மாற்றி மாற்றி வைத்து விளையாடுவதைப் பார்த்தால், படமே ஒரு வேடிக்கையாக முடியும் என்பது விளங்கும். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் தவசியைப் போலக் கைதூக்கி நிற்கும் பூனையும் அதன் காலடி எலிகளும் இதே வகைதான்.

ஆகவே ஓவியருக்கு எழுதிக் கொடுக்கும்போது, படம் சொல்லப்போவதை எழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள்; பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியங்களுக்கு மேல் வேண்டாம். அச்சுத் தாளை மடித்துத் தைப்பதால் இத்தகைய புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24 அல்லது 32 பக்கங்களில் அமைகின்றன. முதல் கதைக்கு 16 போதும். நண்டுக்குக் கொடுக்குகளையும் சேர்த்துப் பத்துக் கால்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் எண்ணுவார்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிலவற்றை எடுத்து, எழுத்தைக் கையால் மறைத்துப் படத்தை மட்டும் ஒரு குழந்தையிடம் காட்டுங்கள். எந்தப் பக்கத்தில் அது சிரிக்கிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு உங்கள் கதையின் மாதிரிப் பிரதிக்கும் அதே சோதனையைச் செய்யுங்கள்.