பெட்டியில் 25 மில்லி என்று போட்டிருக்கிறது, நம்பலாமா?

கேள்வி: மாங்குளத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். உழவு இயந்திரப் பெட்டி, இரும்புச் சில்லு, கேற் வேலைதான் கூட. இப்போது ஒரு நெல் ஆலைக் கூரைத் தூண்களுக்கு 20 மில்லிமீற்றர் தடிப்பில் அடித்தகடு நாற்பது வெட்டித் தரச் சொல்கிறார்கள். காஸ் கட்டர் இருக்கிறது. கடைக்காரர் 40 அம்பியர் பிளாஸ்மா மெஷின் ஒன்றைக் காட்டி, 25 மில்லி வரை வெட்டும் என்கிறார். வாங்கலாமா அண்ணை?

பதில்: வாங்கலாம் தம்பி. ஆனால் இந்த 20 மில்லி வேலையை நம்பி வாங்காதீர்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 25 மில்லி என்பது ஓரத்தில் தொடங்கி, ஊர்ந்து ஊர்ந்து, எப்படியோ இரண்டாகப் பிரிக்கிற அளவு. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய வெட்டு அதில் பாதிதான்: 10, 12 மில்லி. தகட்டின் நடுவில் துளைத்துத் தொடங்குவதென்றால் அதிலும் குறைவு. உருகின இரும்புக்குக் கீழே வழி இல்லாததால் மேலே தெறித்து, கையில் பிடிக்கிற டோர்ச்சின் நுனியில் உள்ள டிப்பை நாசமாக்கிவிடும்.

காஸ் கட்டர் இரும்பை ஒட்சிசனில் எரித்து வெட்டுகிறது. தடிப்பு கூடினாலும் அந்த எரிதல் கீழே இறங்கிக்கொண்டே போகும். பிளாஸ்மா மின்வில்லின் சூட்டால் உருக்கி, காற்றால் ஊதித் தள்ளுகிறது. சூடு 20,000 பாகை வரும், சரி, ஆனால் 40 அம்பியரின் வலு அவ்வளவுதான். எனவே உங்கள் நாற்பது தகட்டையும் காஸில் வெட்டுங்கள், போல்ற் ஓட்டைகளை ட்ரில் பண்ணுங்கள். 12 மில்லிக்கு உட்பட்ட வேலைக்குப் பிளாஸ்மா வேகம், தகடும் அவ்வளவாக நெளியாது. காஸுக்கு மசியாத ஸ்டெயின்லெஸ், அலுமினியம் இரண்டையும் வெட்டும்.

மெஷின் விலையைக் கேட்க முன்னர் மீற்றர் பெட்டியைப் பாருங்கள். 40 அம்பியர் என்பது டோர்ச்சில் ஓடுவது. அங்கே 100 வோல்ற் அளவில் நிற்கும், அதாவது 4 கிலோவாற். இழப்பையும் சேர்த்தால் 230 வோல்ற் லைனில் 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். காற்றுக்கு வேண்டிய 3 குதிரைவலுக் கொம்பிரசருக்குத் தனியாக 14 அம்பியர் அளவில் வேண்டும், ஸ்ரார்ட் எடுக்கும்போது அதன் பல மடங்கு. இரண்டையும் 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பில் போட்டால் நீங்கள் பிரேக்கரை ஏற்றுவதே வேலையாக இருக்கும். லைனின் கடைசிப் பட்டறை என்றால் பின்னேரம் வோல்ற் இறங்கி, வில் பாதி வெட்டில் அறுந்துபோகும். திரீ பேஸ் எடுக்க முடிந்தால் எடுங்கள். அப்புறம் 100 அம்பியர் மெஷினும் யோசிக்கலாம், 20 மில்லிக்கு அதுதான் சரியான சாமான்.

அடுத்தது காற்று. வன்னியில் பிளாஸ்மாவைக் கொல்வது தண்ணீர் என்பேன். ஒரு கார்த்திகை மழையில் என் பில்ரர் கிண்ணத்தைக் கழற்றினேன், கால் கோப்பை தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். அந்தக் கிழமை மூன்று டிப் போயிருந்தது. டிப் விற்ற கடையை நான் திட்டிக்கொண்டிருந்தேன். கொம்பிரசர் தாங்கியைத் தினமும் காலையில் வடியுங்கள். கொம்பிரசரிலிருந்து நீளமான குழாய் போட்டு, காற்று ஆறின பிறகு பில்ரருக்கு விடுங்கள். டிப்புக்கு உள்ளே இருக்கிற எலெக்ரோட்டின் நுனியில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும், ஹாஃப்னியம் என்ற உலோகம். அது ஒன்றரை மில்லி ஆழத்துக்குக் குழி விழுந்தால் மாற்றிவிடுங்கள். வில் பச்சையாக மின்னினால் செம்பு எரியத் தொடங்கிவிட்டது, உடனே நிறுத்துங்கள்.

வேகத்தைத் தீப்பொறி சொல்லும். கீழே நேராக அல்லாமல், கொஞ்சம் பின்சாய்ந்து விழவேண்டும். அடியில் தடித்த கசடு தொங்கி, தட்டினால் விழுந்தால் மெதுவாகப் போகிறீர்கள். மெல்லிய மணிபோல ஒட்டி, கிரைண்டர் இல்லாமல் போகாதென்றால் அவசரப்படுகிறீர்கள். போகும் திசைக்கு வலது பக்க ஓரம்தான் பொதுவாக நேராக வரும், இடப்பக்கம் சாயும். வேண்டிய துண்டு வலப்பக்கம் இருக்கும்படி கோடு போடுங்கள். காற்றால் வெட்டின ஓரத்தில் நைதரசன் ஏறியிருக்கும். வெல்ட் பிடிக்க முன்னர் பளிச்சென்று வரும்வரை கிரைண்ட் பண்ணாவிட்டால் உள்ளே துளை விழும்.

கண்ணாடி, கையுறை உங்களுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பழைய இரும்போடு வருகிற மூடின குழாய், உருளை, டீசல் தாங்கி, என்னவென்று தெரியாத எதையும் வெட்டாதீர்கள். போர் நடந்த நம் மண்ணில் அது வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். சந்தேகமான சாமானைத் தொடாமல் விட்டு 119க்கு அழையுங்கள்.

மெஷின் எடுக்கப் போகும்போது உங்கள் பட்டறையில் கிடக்கிற 12 மில்லித் துண்டொன்றைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் அதில் ஓர் அடி வெட்டிக் காட்டட்டும். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் காசை எண்ணுங்கள்.