திறந்தவெளியில் பேஸ் எடுபடவில்லையே?

கேள்வி: பாம்பன் பக்கம் திருவிழாக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். டிரான்சிஸ்டர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), 4 ஓம் மின்தடையில் 300 வாட்ஸ். கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றுதான், 8 ஓம். கடற்கரை மேடையில் சத்தம் காணாமல் போகிறது. பெரிய ஆம்ப் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். 8 ஓமில் உங்கள் ஆம்ப் பாதியை விடச் சற்றுக் கூடுதலாகத்தான் கொடுக்கும். அதே மாடலில் இன்னொரு 8 ஓம் கேபினட்டைப் பேரலலாக (பக்க இணைப்பில்) இணையுங்கள். மொத்தம் 4 ஓம், முழு 300 வாட்ஸும் கிடைக்கும். மூன்றாவதைச் சேர்க்கவே கூடாது: 2.67 ஓமுக்கு இறங்கி, ஆம்ப் சூடாகி அடங்கிவிடும் அல்லது எரிந்துபோகும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், மேல் ஸ்பீக்கர் உங்கள் காதுக்கு நேராக வரும். காற்றில் சாயாமல் பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

கிட்டார் ஒயரால் கேபினட்டை இணைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே மயிரிழைக் கம்பிதான், சூடேறிவிடும். 2.5 சதுர மி.மீ. ஸ்பீக்கர் ஒயர் போடுங்கள்.

சுவர் இல்லாத வெளியில் அடித்தொனி தங்காது. பேஸ் குமிழைத் திருகினால் ஸ்பீக்கரின் கோன்தான் (அதிரும் கூம்பு) அடிவாங்கும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டி, 400 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள்.

ஜெனரேட்டர் என்றால் பிளக் சொருகும் முன் மல்டிமீட்டரில் 220–240 வோல்ட் பாருங்கள். உப்புக்காற்றில் ஜாக் பச்சை பூத்தால் கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து முறை சொருகி எடுங்கள்.