காய்கறி வண்டி எத்தனை மணிக்கு வருகிறது?

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கமெல்லாம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். இப்போது வரிசையாக அடுக்குமாடிகள். அங்கே அரசு வாரியம் கட்டிய போர்டு குடியிருப்பில், நல்ல காய்கறி வீடுகளுக்குக் கிடைக்கப் பெண்களோடு சேர்ந்து சில வருடங்களாக வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் சில:

கேள்வி: எங்கள் பிளாக்கில் குழந்தைகளுக்கு நூடுல்ஸும் சிப்ஸும்தான். விழிப்புணர்வு முகாம் போடலாமா அக்கா?

வேண்டாம். கீரை நல்லது என்று தெரியாத அம்மா யார்? வீட்டு வேலைக்கு நகரத்துக்குள் போகிறவர் காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப இரவு ஏழு. காய் வண்டி வருவதோ காலை பத்துக்கு. அப்புறம் அவர் கைக்கு எட்டுவது பெட்டிக்கடையின் ஐந்து ரூபாய் பாக்கெட்தான். ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள்: எந்த வண்டி, எத்தனை மணிக்கு, கத்தரிக்காய் என்ன விலை. அந்த நோட்டைக் காட்டித்தான் வண்டிக்கார அம்மாவை மாலைக்கு வரவைத்தோம். ஏழு மணிக்கு அறுபது வீடு காத்திருக்கிறது என்றதும் அவரே கணக்குப் போட்டுவிட்டார்.

கேள்வி: கோயம்பேட்டில் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால்?

செய்தோம், முதல் வாரம் அடிபட்டோம். குட்டியானை வண்டியில் தக்காளிப் பெட்டி மேல் பூசணியை ஏற்றிவிட்டார்கள். வந்து பார்த்தால் அடிப்பெட்டி ரசம். அன்று பார்த்து லிஃப்டும் ஓடவில்லை. புடலங்காயை யாரும் சீந்தவில்லை. மூன்று நாள் என் வீட்டில் புடலங்காய்க் கூட்டுதான். மறு வாரத்திலிருந்து வீட்டுக்கு ஐம்பது ரூபாய் முன்பணம் வாங்கி, கேட்ட காயை மட்டும் எடுத்தோம். கூறு கட்டுவது ஒருவர், காசு வாங்குவது இன்னொருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் மனஸ்தாபம் நிச்சயம்.

கேள்வி: வண்டிகளை அடிக்கடி விரட்டுகிறார்களே?

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை விரட்டக் கூடாது. யார் எங்கே விற்கலாம் என்று பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆனால் சட்டத்தை வண்டிக்காரர் தனியாகப் போய்ச் சொன்னால் எடுபடாது. வாங்குகிற பெண்கள் இருபது பேர் கூடப் போனோம், பேச்சின் தொனியே மாறிவிட்டது.

கேள்வி: என் அப்பா உழுத ஊர் இது. ஏரிக்கரையில் மறுபடி கீரை போடலாமா?

ஐயா, ஆசை புரிகிறது. ஆனால் நீர்நிலைப் புறம்போக்கில் கை வைத்தால் ஆக்கிரமிப்பு. சாக்கடை கலந்த தண்ணீரில் கீரை வளர்க்கவும் கூடாது. பழைய வயலும் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய மண். கொத்தினால் செங்கல்தான் வருகிறது. மாடியில் பையில் செம்மண்ணும் தொழு உரமும் போட்டுச் சிறுகீரை விதையுங்கள், 25 நாளில் பிடுங்கலாம். ஒரு குடும்பத்துக்கே போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் மாடியில் எந்தப் பருவத்தில் எது வரும் என்று சொல்ல உங்களைப் போன்ற ஒரு பெரியவர் இருந்ததால்தான் பிள்ளைகள் மேலே ஏறி வந்தார்கள்.

கேள்வி: ரேஷன் அட்டை இன்னும் பழைய முகவரியில் இருக்கிறது. பருப்புக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

வேண்டாம். 2020 முதல் மாநிலத்தில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. "உங்க கடைக்குப் போங்க" என்றால் அங்கேயே நின்று உதவி எண் 1967க்குக் கூப்பிடுங்கள்.