செங்கல் சுவரில் ஆராய என்ன இருக்கிறது, அதற்கு விருது வேறா?

கேள்வி: எம்.டெக் ஆய்வுக்குச் செங்கல் கட்டுமானத்தை எடுக்கச் சொல்கிறார் என் வழிகாட்டி. அதில் ஆராய ஏதாவது மிச்சம் இருக்கிறதா? மாணவர்களுக்கு விருது ஏதும் உண்டா?

உண்டு. எம்.டெக் படித்தபோது எனக்கும் இதே சந்தேகம்தான். கூடப் படித்தவர்கள் பாலம், உயரக் கட்டடம் என்று தலைப்பு எடுக்க, என் கைக்கு வந்தது செங்கல். "கொத்தனார் வேலை கத்துக்கவா எம்.டெக்?" என்று கேட்டார் மாமா.

விருதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பன்னாட்டுச் செங்கல், பிளாக் கட்டுமான மாநாடு ஒன்று நடக்கிறது. முதல் மாநாடு 1967இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் நடந்தது. அங்கே இளம் ஆய்வாளரின் நல்ல கட்டுரைக்கு ஹாலர் பரிசு தருகிறார்கள். நம் நாட்டில் செங்கலுக்கென்று தனியாகத் தேட வேண்டியதில்லை. இந்திய தேசியப் பொறியியல் அகாடமி இளநிலை, முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வுகளுக்குத் தனித்தனியாகப் பரிசு தருகிறது. எல்லாப் பொறியியல் துறையினரும் மோதும் இடம் அது. நானும் அனுப்பினேன், கிடைக்கவில்லை.

அந்த ஹாலர் யார் என்று தெரிந்தால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். சிகாகோவில் 1891இல் கட்டி முடித்த மொனாட்நாக் கட்டடம் 16 மாடி. சுமை தாங்கும் செங்கல் சுவர், அடியில் சுமார் 6 அடி தடிமன். இத்தனை இடத்தைச் சுவரே தின்றால் யார் கட்டுவார்கள்? இரும்பும் காங்கிரீட்டும் வந்ததும் செங்கல் ஓரமாகப் போய்விட்டது. சுவிட்சர்லாந்தில் பால் ஹாலர் என்ற பொறியாளர் 1,600க்கும் மேற்பட்ட சுவர்களை ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில் பாசல் நகரில் 13 மாடிக் குடியிருப்பு எழுந்தது. உள்சுவர் 15 செ.மீ., வெளிச்சுவர் 37.5 செ.மீ., அவ்வளவுதான். அத்தனை சுவரை உடைத்ததன் பலன் அது.

சரி, அவரே எல்லாம் முடித்துவிட்டாரே என்கிறீர்களா? அவர் சோதித்தது அவர் ஊர்க் கல். பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் விளக்கத்தில் கல் விறைப்பானது, சாந்து மெத்தென்றது. பாரம் ஏறும்போது சாந்து பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், கல்லையும் சேர்த்து இழுக்கும், கல் செங்குத்தாகப் பிளக்கும். தென்னிந்தியச் சூளைக் கல்லோ பல நேரம் சிமெண்ட் சாந்தைவிட மெத்தென்றிருக்கும். அப்போது கதை தலைகீழ்: இழுபடுவது சாந்து, நெருக்கப்படுவது கல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் ஆய்வுக்குள் உண்மையாக நுழைந்ததே அந்தக் கட்டுரைகளைப் படித்த பிறகுதான்.

அப்புறம், என் ஆய்வின் உருப்படியான அத்தியாயம் ஒரு தவறிலிருந்து வந்தது. செங்கல் கட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க, ஐந்து கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே சாந்து வைத்து, 28 நாள் நீராற்றி உடைக்க வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் கல்லை நனைக்காமலே அப்படி ஒன்பது அடுக்குகள் கட்டச் சொல்லிவிட்டேன். கட்ட வந்த கொத்தனார் அண்ணன், "தம்பி, கல்லு தண்ணி குடிக்கலன்னா கலவையோட தண்ணியக் குடிச்சிடும்" என்றார். நான் கேட்கவில்லை. 28ஆம் நாள் இரண்டு அடுக்குகள் இயந்திரத்துக்குத் தூக்கும்போதே சாந்தோடு ஒட்டாமல் கையோடு வந்துவிட்டன. தூக்கிப் போட மனசில்லாமல், எத்தனை நிமிடம் நனைத்தால் ஒட்டு எப்படி மாறுகிறது என்று தனியாக ஒரு வரிசைச் சோதனை செய்தேன். வாய்மொழித் தேர்வில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அதனால் எடுங்கள். பரிசுக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால், எடுத்த எடுப்பில் கணினியில் சுவரின் மாதிரியை உருவாக்கப் போகாதீர்கள். அழகான வண்ணப்படம் எல்லோரிடமும் இருக்கும், கையால் உடைத்த கணக்கு சிலரிடம்தான் இருக்கும். தேவையான கல் மொத்தத்தையும் ஒரே சூளையில், ஒரே லோடில் வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்தால் அடுத்த லோடு வேறு கல், முந்தைய எண்களோடு ஒப்பிட முடியாது. நான் 200 கல் கூடுதலாக வாங்கினேன், அதுவும் போதவில்லை.